ஊராட்சி கேள்வி பதில்: சிற்றூருக்குச் சேரவேண்டிய பங்கு

சென்ற இதழில், கிராம ஊராட்சிகளுக்கு மாநில அரசு தரும் மானியம் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று சுருக்கமாக எழுதியிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்த ஆசிரியர், இம்முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டார். எழுதியவர்களில் பலர் ஊராட்சிப் பொறுப்பில் இருந்தவர்கள், இன்னும் இருப்பவர்கள். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள், அதனால் ஊர்ப்புறத்தை மட்டும் போடுகிறேன். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். ஊராட்சிகளின் ரொக்கப் பதிவேடும் செலவுச் சீட்டும் பார்த்தே வயது போயிற்று. அங்கே கண்டதைக் கொண்டே பதில் சொல்கிறேன்.

முன்னாள் ஊராட்சித் தலைவர், மலைப்பகுதி, நாமக்கல் மாவட்டம்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் பதினொரு குக்கிராமங்கள், மொத்தம் 1,400 பேர். மலைக்குக் கீழே இருக்கும் ஊராட்சியில் மூன்றே குக்கிராமங்கள், 5,000 பேர். அவர்களுக்கு எங்களைவிட அதிக மானியம் வருகிறது. எங்களுக்கு வருவது மின் கட்டணத்துக்கும் மோட்டார் பழுதுக்குமே சரியாகப் போகிறது. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால், "ஆளுக்கு இவ்வளவு என்று பார்த்தால் உங்களுக்குத்தான் அதிகம்" என்கிறார்கள். இது நியாயமா?

அவர்கள் சொல்லும் கணக்கு சரி. ஆனால் உங்கள் ஊரின் செலவை ஆள் எண்ணிக்கையை வைத்து அளக்க முடியாது. எப்படி என்று சொல்கிறேன்.

மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்பது தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக நிலைத்துவிட்ட ஏற்பாடு. அதை முதலில் ஊரகம், நகர்ப்புறம் என்று பிரிப்பார்கள். ஊரகப் பங்கு மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி என மூன்று அடுக்குக்கும் போகும். கிராம ஊராட்சிகளின் பங்கில், எல்லா ஊராட்சிக்கும் ஒரே அளவாகக் குறைந்தபட்ச மானியம் ஒன்றை முதலில் எடுத்து வைத்துவிடுவார்கள். அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாயாக இருந்து, 5 லட்சமாகி, பிறகு 7 லட்சமானது. மீதித் தொகையைப் பங்கிடும்போது மக்கள் தொகைக்குத்தான் பெரிய எடை.

7 லட்சத்தை உங்கள் 1,400 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 500 ரூபாய். கீழே இருக்கும் 5,000 பேருக்குப் பிரித்தால் 140 ரூபாய். ஒன்றிய அலுவலகத்தில் காட்டுவது இந்த இரண்டு எண்களைத்தான்.

இனி நான் பார்த்த ஒரு செலவுக் கோப்பைச் சொல்கிறேன். மலைமேல் இருந்த ஒரு சிறிய ஊராட்சி. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரில் கம்பிச்சுருள் (காயில்) எரிந்துவிட்டது. சீட்டுகள் வரிசையாக நூலில் கோக்கப்பட்டிருந்தன. குழாயோடு மோட்டாரை மேலே தூக்கச் சங்கிலிக் கப்பி வாடகை, நான்கு ஆள் கூலி, மோட்டாரை அடிவாரத்துக்குக் கொண்டுபோக ஜீப் வாடகை, காயில் கட்டிய கூலி, திரும்ப மேலே கொண்டுவர ஜீப் வாடகை, புது கேபிள், மறுபடி இறக்க ஆள் கூலி. போக வர ஜீப்புக்குக் கொடுத்தது காயில் கட்டிய கூலியைத் தாண்டியிருந்தது. எங்கள் குழுவில் இருந்த இளைஞர் ஒருவர் இது தடைக்குரிய செலவு என்று குறித்துக்கொண்டார். ஊராட்சிச் செயலர் அந்தச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதியிருந்ததைக் காட்டினார்: "வேறு வண்டி இந்தப் பாதையில் ஏறாது." கீழே தலைவரின் கையொப்பம். அந்த மோட்டாரில் தண்ணீர் பிடித்த வீடுகள் நாற்பதுகூட இருக்காது. சமவெளியில் அதே குதிரைத்திறன் மோட்டார் முந்நூறு வீட்டுக்குத் தண்ணீர் தரும். எரிந்தால் தள்ளுவண்டியில் வைத்தே பட்டறைக்குக் கொண்டுபோய்விடலாம்.

மோட்டார், மேல்நிலைத் தொட்டி, தொட்டியைத் திறந்து மூடும் ஆள், கம்பத்துக்குக் கம்பம் விளக்கு. இவை எல்லாம் குக்கிராமத்தை எண்ணி வருகிற செலவுகள். அங்கே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இவை குறைவதில்லை. பதினொரு குக்கிராமம் என்றால் குறைந்தது பதினொரு தண்ணீர் ஏற்பாடு. உங்களுக்கு 7 லட்சத்தை 1,400-ஆல் வகுத்துக் காட்டுகிறவர்களிடம், அதைப் பதினொன்றால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குக்கிராமத்துக்கு ஆண்டுக்கு 64,000 ரூபாய்க்குக் கீழே வரும். கீழ் ஊராட்சிக்கு மூன்றால் வகுத்தால் 2 லட்சத்து 33 ஆயிரம். மக்கள் தொகைப்படி வரும் மீதித் தொகையிலும் அவர்களுக்குத்தான் பெரிய பங்கு.

தூய்மைக் காவலர் நியமனத்திலும் இதே கதை. 150 வீட்டுக்கு ஒருவர் என்பது அளவுகோல். உங்கள் ஊரில் 350 வீடுகள் இருந்தால் இரண்டு பேர் கிடைப்பார்கள். அந்த இரண்டு பெண்கள் பதினொரு குக்கிராமத்துக்கும் குப்பைக்கூடையோடு மேடேறி நடக்க வேண்டும்.

இது அரசுக்குத் தெரியாத விஷயம் அல்ல. 2006 முதல் 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் நடந்தது நினைவிருக்கும். ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு ஊராட்சிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் தந்தார்கள். ஒரே குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் 20 லட்சம், இருபது குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் 20 லட்சம். பெரும்பாலும் தாய்க்கிராமத்தில் வேலை முடிவதற்குள் பணம் முடிந்துவிடும். குக்கிராமத்துக்காரர்கள் அடுத்த முறைக்குக் காத்திருப்பார்கள். 2011-க்குப் பின் வந்த 'தாய்' என்ற குக்கிராம மேம்பாட்டுத் திட்டம் இதைச் சரிசெய்யவே குக்கிராமத்தை அலகாக எடுத்துக்கொண்டது. தமிழ்நாடு முழுவதும் 79,394 குக்கிராமங்கள் என்று கணக்கெடுத்து, எண்ணிக்கைக்கு ஏற்ப ஒதுக்கீட்டை ஏற்றினார்கள். கட்சி பேதம் பார்க்காமல் சொல்கிறேன்: முதல் திட்டம் ஒவ்வொரு ஊராட்சிக்கும் உறுதியாக ஒரு தொகையைக் கொண்டுவந்தது, இரண்டாவது அந்தத் தொகைக்குச் சரியான அளவுகோலைக் கொண்டுவந்தது. ஆனால் இரண்டுமே கட்டுமானத்துக்கான திட்டங்கள். தொட்டி கட்டக் குக்கிராமத்தை எண்ணினார்கள். கட்டிய தொட்டியை ஆண்டுதோறும் நடத்தத் தரும் மானியத்தில் அந்த எண்ணிக்கைக்கு உரிய எடை இன்னும் வரவில்லை.

என் கருத்து இது. குறைந்தபட்ச மானியம் எல்லா ஊராட்சிக்கும் ஒரே தொகையாக இருக்கக் கூடாது. ஓர் அடிப்படைத் தொகை, அதன்மேல் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் இவ்வளவு, மலைப்பாதை என்றால் அதற்கொரு கூடுதல் என்று அமைய வேண்டும். விலைவாசியோடு சேர்ந்து ஆண்டுதோறும் அது தானாக உயர வேண்டும். இப்போது நடப்பது என்ன? மின் கட்டணமும் கூலியும் ஏறிக்கொண்டே போகின்றன, குறைந்தபட்சத் தொகை மட்டும் அடுத்து யாராவது கோப்பைத் திறக்கும்வரை அசையாமல் கிடக்கிறது. மக்கள் தொகைப் பங்கில் பெரிய தொகை பெறும் ஊராட்சி அதைத் தாங்கிக்கொள்ளும். குறைந்தபட்சத் தொகையே பிழைப்பு என்று இருக்கும் ஊராட்சிக்கு ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் தேய்கிறது.

வாசகி, சென்னைப் புறநகர், செங்கல்பட்டு மாவட்டம்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் அடுக்குமாடிகள் ஏராளமாக வந்துவிட்டன. குப்பை அள்ள வண்டி போதவில்லை, கழிவுநீர் தெருவில் ஓடுகிறது. நூறு வீடு உள்ள ஊருக்கு லட்சக்கணக்கில் குறைந்தபட்ச மானியம் தருவதை நிறுத்தி, மக்கள் இருக்கும் இடத்துக்குப் பணம் தந்தால் என்ன?

உங்கள் ஊரில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் என்பதால் உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களிடமிருந்து பணத்தை எடுத்தது சிற்றூர் அல்ல.

மானியக் கணக்கில் உங்கள் ஊரின் மக்கள் தொகை என்று எழுதப்பட்டிருப்பது 2011 கணக்கெடுப்பின் எண். அதற்குப் பிறகு கட்டிய அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒருவரும் அந்த எண்ணில் இல்லை. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027-க்கு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் எண்கள் வெளியாகி, மானியச் சூத்திரத்துக்குள் வந்து சேர இன்னும் காலம் பிடிக்கும். நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி, இடைக்காலத்துக்கு வாக்காளர் பட்டியலையோ மின் இணைப்பு எண்ணிக்கையையோ வைத்து ஒரு திருத்தம் ஏன் செய்யக் கூடாது என்பதுதான். அந்தக் கேள்வியை நீங்கள் எழுப்பினால் நானும் உங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போடுவேன்.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் ஊராட்சிக்குச் சொத்துப் பத்திரப் பதிவு நடக்கும்போதெல்லாம் முத்திரைத் தீர்வை மீதான கூடுதல் வரியில் பங்கு உண்டு. கட்டட அனுமதிக் கட்டணம் உண்டு, தொழில் வரி உண்டு, அடுக்குமாடி ஒவ்வொன்றுக்கும் வீட்டு வரி உண்டு. மலை ஊராட்சியில் நிலம் கைமாறுவதே அரிது. தொழில் வரி கட்டுவது பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களும் ஓரிரு அரசு ஊழியர்களும்தான். அந்த ஊரின் குறைந்தபட்ச மானியத்தை வெட்டி உங்கள் ஊருக்குத் தந்தால் உங்களுக்கு ஒரு குப்பை வண்டி கூடக் கிடைக்கலாம், அங்கே தண்ணீர்த் தொட்டி நின்றுபோகும்.

ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், தேனி

கேள்வி: வீட்டு வரியைக்கூட ஒழுங்காக வசூலிக்காத ஊராட்சிக்கு அரசு ஏன் மானியம் தர வேண்டும்? உழைத்து வசூலிக்கும் ஊராட்சிக்கு அல்லவா பரிசு தர வேண்டும்?

வசூல் செய்யாத ஊராட்சியும் இருக்கிறது, வசூலிக்க ஒன்றும் இல்லாத ஊராட்சியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டால் சோம்பேறிக்குத் தரும் தண்டனை ஏழையின் தலையில் விழும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 250 வீடுகள், சராசரி வீட்டு வரி 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தலைவரும் செயலரும் வீடு வீடாக ஏறி ஒரு ரூபாய் நிலுவை இல்லாமல் வசூலித்துவிட்டார்கள். கையில் வருவது 50,000 ரூபாய். ஒரு மோட்டார் எரிந்து, ஒரு கேபிள் போனால் அதில் பாதி கரைந்துவிடும். பக்கத்தில் நெடுஞ்சாலை ஓரத்து ஊராட்சி, இரண்டு நூற்பாலை, நான்கு திருமண மண்டபம். வரவேண்டியதில் பாதியை மட்டும் வசூலித்தாலும் பல லட்சம். கேட்பு (வரவேண்டிய வரி), வசூல், நிலுவைப் பதிவேட்டைத் திறந்து பார்க்கும் தணிக்கையாளர் முதல் ஊராட்சிக்குத்தான் பாராட்டு எழுதுவார். ஆனால் ஊழியர் சம்பளமும் மின் கட்டணமும் தடையில்லாமல் போவது இரண்டாவது ஊராட்சியில்தான்.

முன்பு வசூலான வீட்டு வரிக்கு இணையாக அரசு மானியம் தரும் முறை இருந்தது. கேட்க நியாயமாகத் தோன்றும். நடைமுறையில் 50,000 வசூலித்தவருக்கு இன்னொரு 50,000, 10 லட்சம் வசூலித்தவருக்கு இன்னொரு 10 லட்சம். உள்ளவனுக்கே மேலும் அள்ளிக்கொடுக்கும் ஏற்பாடு அது.

முயற்சிக்குப் பரிசு வேண்டும் என்பதில் எனக்கு உங்களோடு வழக்கில்லை. அதற்கு ஒரு நல்ல வழியை ஜப்பான் நாட்டு ஏற்பாட்டில் படித்தேன். 1954 முதல் அங்கே வருமான வரி, நிறுவன வரி, மது வரி, நுகர்வு வரி போன்ற தேசிய வரிகளில் குறிப்பிட்ட சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கென ஒதுக்குகிறார்கள். ஒவ்வொரு ஊருக்கும் தேவை எவ்வளவு, அதன் சொந்த வரி வருவாய் எவ்வளவு என்று மதிப்பிட்டு, இடையே விழும் பள்ளத்தை நிரப்புவார்கள். வருவாயை மதிப்பிடும்போது முழுவதையும் கணக்கில் எடுப்பதில்லை, 75 சதவீதத்தை மட்டுமே எடுப்பார்கள். மீதி 25 சதவீதம் ஊரின் கையிலேயே தங்கும். அதனால் வரி வசூலைப் பெருக்கினால் மானியம் முழுக்க வெட்டப்படும் என்ற பயம் இல்லை. தேவையைவிட வருவாய் மிகுந்த டோக்கியோவுக்கு இந்த மானியமே கிடையாது.

நம் ஊரில் ஓடந்துறையைச் சொல்வார்கள். கோவை மாவட்டம், மேட்டுப்பாளையத்தை ஒட்டிய அந்த ஊராட்சி 2006-இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. தன் தேவைபோக மிஞ்சிய மின்சாரத்தை விற்று, கடனையும் அடைத்தது. பெருமைப்பட வேண்டிய சாதனை. அதில் ஒரு விவரத்தை மட்டும் கவனியுங்கள். கடன்போக மீதித் தொகையை ஊராட்சி தன் சேமிப்பிலிருந்து போட்டது. சேமிக்க முடிந்த ஊராட்சிக்குத்தான் வங்கி கடன் தரும். மின் கட்டண நிலுவைக் கடிதம் வந்து மேசையில் கிடக்கும் ஊராட்சிக்கு எந்த வங்கி கதவைத் திறக்கும் என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

முதுகலை மாணவர், மதுரை

கேள்வி: தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள் இருக்கின்றன. கேரளத்தில் 941 தான். சிறிய ஊராட்சிகளை இணைத்துவிட்டால் இந்தச் சிக்கலே தீர்ந்துவிடாதா?

அந்த 12,500-இல் பாதிக்கு மேற்பட்டவை 3,000 பேருக்குள் அடங்குபவை. ஆகவே நீங்கள் கேட்பது ஏதோ ஓரிரண்டு ஊரைப் பற்றி அல்ல, தமிழ்நாட்டு ஊராட்சிகளில் பெரும்பகுதியைப் பற்றி.

கேரளத்தில் வீடுகள் தொடர்ச்சியாக இருக்கும், ஓர் ஊர் முடியும் இடமும் அடுத்த ஊர் தொடங்கும் இடமும் தெரியாது. நம் ஊர்களுக்கு இடையே வயலும் பொட்டலும் காடும் கிடக்கின்றன. இரண்டு ஊராட்சிகளை இணைத்தால் பலகை ஒன்றாகும். மோட்டார்களும் தொட்டிகளும் கம்பங்களும் அதே எண்ணிக்கையில்தான் இருக்கும். மிச்சமாவது ஒரு செயலரின் சம்பளமும் ஓர் அலுவலகக் கட்டடமும். அதற்கு விலையாக, விளக்கு எரியவில்லை என்று சொல்ல ஒரு மூதாட்டி இனி எட்டு கிலோமீட்டர் போக வேண்டும்.

மறுபடி ஜப்பானுக்கே வருகிறேன், ஏனென்றால் அவர்கள் இதைச் செய்தே பார்த்தார்கள். அவர்களுடைய மானியக் கணக்கு ஒரு லட்சம் பேர் வாழும் மாதிரி நகரத்தை வைத்துப் போடப்படுவது. அதைவிடச் சிறிய ஊருக்கு ஆளுக்கு ஆகும் செலவு கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கென ஒரு திருத்தப் பெருக்கல் எண் வைத்திருக்கிறார்கள். பனி கொட்டும் ஊருக்கும் அதேபோல் தனித் திருத்தம் உண்டு. 1990-களின் இறுதியிலிருந்து சிறிய ஊர்களுக்கான அந்தத் திருத்தத்தைக் குறைத்தார்கள். அதே காலத்தில், இணைந்துகொள்ளும் ஊர்களுக்குப் பத்தாண்டுகள் பழைய மானியம் குறையாமல் வரும் என்று சலுகையும் அறிவித்தார்கள். ஒரு கையால் தள்ளி, மறு கையால் அழைத்தார்கள். 1999 மார்ச்சில் 3,232-ஆக இருந்த நகரங்களும் ஊர்களும் 2010 மார்ச்சில் 1,727-ஆகிவிட்டன.

ஃபுகுஷிமா மாநிலத்தில் யாமாட்சுரி என்ற சிறிய ஊர் 2001-இல் "நாங்கள் எந்த ஊரோடும் இணைய மாட்டோம்" என்று மன்றத்தில் தீர்மானம் போட்டது. போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தூரத்துக் குடியிருப்புகளில் வாழும் ஊழியர்களின் வீடுகளையே கிளை அலுவலகங்களாக ஆக்கி, வரி கட்டுவது முதலான வேலைகளை அங்கேயே முடித்துக்கொடுத்தார்கள். மன்ற உறுப்பினர்கள் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, கூட்டம் நடக்கும் நாளுக்கு மட்டும் படி வாங்கிக்கொள்ள முன்வந்தார்கள். சிறிய ஊர் சிக்கனமாக நடக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இங்கே ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சியோடு சேர்க்கும் அறிவிப்பு வந்தபோதெல்லாம் மக்கள் கிராம சபையில் எழுந்து நின்று எதிர்த்திருக்கிறார்கள். 100 நாள் வேலை போய்விடும், வரி கூடிவிடும் என்ற அச்சம் அது. மாணவரே, உங்கள் ஆய்வுக்கு இது தலைப்பு என்றால், அப்படி ஏற்கெனவே சேர்க்கப்பட்ட ஓர் ஊருக்குப் போய், சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு தெருவிளக்குப் புகார் எத்தனை நாளில் தீர்ந்தது என்று கேட்டு எழுதுங்கள். யாரும் முறையாகச் செய்யாத வேலை, செய்தால் பெரும் பயன் உண்டு.

முன்னாள் வார்டு உறுப்பினர், திருவாரூர் மாவட்டம்

கேள்வி: எங்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருக்கிறது. மத்திய நிதிக் குழு மானியம் வராது என்கிறார்கள். தேர்தல் நடத்தாதது நாங்களா?

நீங்கள் இல்லை. தண்டனை மட்டும் உங்கள் ஊருக்கு.

மத்திய நிதிக் குழு, முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிக்கே மானியம் என்று வைத்திருக்கிறது. உரிய காலத்தில் தேர்தல் நடத்தும்படி மாநிலங்களை நெருக்குவதற்கான விதி. நோக்கத்தில் பிழை இல்லை. ஆனால் தேர்தலைத் தள்ளிப்போடும் அதிகாரம் ஊராட்சியிடம் இல்லையே. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் 27 மாவட்டங்களில் தேர்தல் வந்தது. மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். அந்த இடைவெளியில் மத்திய மானியம் நின்றது. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, மறுபடி தனி அலுவலர்கள்.

இந்த நிறுத்தம் எல்லா ஊராட்சியையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. சொந்த வருவாய் உள்ள ஊராட்சி ஓரளவு சமாளிக்கும். சிற்றூரில் மத்தியப் பணம் தாங்கிய செலவும் மாநில மானியத்தின் தலையில் விழும், அப்போது முதலில் நிற்பது தூய்மைப் பணியாளர் கூலி, அடுத்து பல்பு மாற்றுவது, பிறகு குடிநீர்த் தொட்டி கழுவுவது. அப்படி ஓர் ஊராட்சியில், டேங்க் ஆபரேட்டருக்கு மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி என்று பதிவேட்டில் பார்த்தேன். அவர் அத்தனை மாதமும் ஒரு நாள் தவறாமல் காலையில் வால்வைத் திறந்திருக்கிறார். ஊர்க்காரர்கள் நெல்லும் காய்கறியும் கொடுத்துத் தாங்கியிருக்கிறார்கள். அரசாங்கங்கள் இரண்டும் தங்களுக்குள் போட்டுக்கொண்ட நிபந்தனைக்கு அந்த மனிதரின் கூலியைப் பணயம் வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. தேர்தல் தாமதத்துக்கு அபராதம் வேண்டுமென்றால் மாநிலத்தின் கணக்கில் பிடிக்கட்டும், ஊராட்சியின் கணக்கில் கை வைக்க வேண்டாம்.

ஊராட்சிச் செயலர், தென்காசி மாவட்டம்

கேள்வி: வரும் பணத்திலும் பாதிக்கு மேல் "இதற்குத்தான் செலவிட வேண்டும்" என்ற நிபந்தனையோடு வருகிறது. சிறிய ஊராட்சிக்கு இதில் ஏதேனும் தளர்வு உண்டா?

எனக்குத் தெரிந்து இல்லை. 2021 முதல் 2026 மார்ச் வரையிலான மத்திய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டது, 40 சதவீதமே உங்கள் விருப்பத்துக்கு. அந்த 40 சதவீதத்திலும் சம்பளம் தர முடியாது. மாநில மானியத்தில் மின் கட்டணமும் குடிநீர் வாரியக் கட்டணமும் போக 'கணக்கு எண் 2' என்று தனி வங்கிக் கணக்கு. பெரிய ஊராட்சிக்கு இந்தப் பிரிவினை ஒழுங்கைத் தரும். வரவே சிறிதாக இருக்கும் ஊராட்சிக்கு ஒரு கணக்கில் பணம் தூங்கும், இன்னொரு கணக்கில் கம்பத்து விளக்கு வாங்கப் பணம் இராது. 1,000 பேருக்குக் குறைந்த ஊராட்சிகளுக்காவது, கிராம சபை ஒப்புதலோடு கணக்குகளுக்கிடையே மாற்றிக்கொள்ளும் அனுமதியைத் தரலாம். தணிக்கை செய்வதும் எளிது, நான் உத்தரவாதம் தருகிறேன்.

சுய உதவிக் குழுப் பொறுப்பாளர், திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாது மலை

கேள்வி: இதையெல்லாம் யாரிடம் கேட்பது? எங்களைப் போன்றவர்கள் மனு கொடுத்தால் எடுப்பார்களா?

எடுப்பதற்கென்றே அரசியல் சட்டத்தில் ஓர் அமைப்பு இருக்கிறது. 73-ஆவது திருத்தத்தில் சேர்ந்த 243-I பிரிவின்படி, ஆளுநர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதிக் குழுவை அமைக்க வேண்டும். ஊராட்சிகளுக்கு எவ்வளவு, எந்த அளவுகோலில் என்று பரிந்துரைப்பது அந்தக் குழு. அதன் பரிந்துரைகளையும், அவற்றின்மேல் அரசு எடுத்த நடவடிக்கை பற்றிய விளக்கத்தையும் சட்டமன்றத்தில் வைத்தாக வேண்டும். குழு அமைந்ததும் கருத்துக் கேட்பார்கள். பெரிய சங்கங்கள் அச்சடித்த அறிக்கையோடு போய் நிற்பார்கள். ஜவ்வாது மலையிலிருந்தோ கல்வராயன் மலையிலிருந்தோ போகும் தாள் அபூர்வம், அதனாலேயே போனால் படிப்பார்கள்.

முதலில் கிராம சபையில் தீர்மானமாக ஆக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் எது அடுத்து வருகிறதோ அன்றே எழுப்புங்கள். "எங்களுக்கு நிதி போதவில்லை" என்று மட்டும் எழுதினால் அதே வாக்கியம் எல்லா ஊராட்சியிலிருந்தும் வந்திருக்கும். உங்கள் ஊருக்கே உரிய எண்களைப் போடுங்கள். குக்கிராமங்களின் பெயர், ஒவ்வொன்றிலும் வீடு எத்தனை, மோட்டார் எத்தனை, தாய்க்கிராமத்திலிருந்து தூரம் எவ்வளவு, வண்டி போகுமா, நடைதானா என்று ஒரு பட்டியல். மூன்று ஆண்டு மின் கட்டண ரசீதுகளின் நகல். அதே மூன்று ஆண்டுக்கு வீட்டு வரி கேட்பு, வசூல், நிலுவை. மோட்டார் பழுதுக்குச் செலவான தொகையில் பழுது எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு என்று பிரித்து ஒரு தாள். உங்கள் குழுப் பெண்கள் சேமிப்புக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிறவர்கள், இதை ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்கள். செயலரிடம் பதிவேடு கேட்கத் தயங்க வேண்டாம், கிராம சபையில் வரவு செலவை வாசிப்பது அவர் கடமை.

தயாரான பிறகு ஒரு நகலை இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். கூட்டல் கழித்தலைச் சரிபார்த்து, தணிக்கையாளர் எங்கே கேள்வி எழுப்புவார் என்று பென்சிலில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். வேறு மலை ஊராட்சிகளிலிருந்து வந்தாலும் அப்படியே செய்துதருவேன்.